அண்ணன் தட்டைப் பறித்த பண்டாரி

ராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வரைக்கும் முஸ்லிம் வீட்டில் கல்யாணம் என்றால், மாப்பிள்ளை யாரென்று கேட்பதற்கு முன்னால் பண்டாரி யாரென்று கேட்கிற காலம் அது. சமைக்க வருவது அப்துல் வஹாப் என்று பதில் வந்துவிட்டால், கேட்டவர் அன்றைய காலைச் சாப்பாட்டையே ரத்து செய்துவிட்டு வயிற்றைக் காலியாக வைத்துக்கொள்வார். அழைப்பு வராதவர்கள்கூட மாப்பிள்ளை வீட்டோடு தங்களுக்கு ஏதாவது தூரத்து உறவு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று யோசித்துப் பார்ப்பார்கள்.

வஹாப் ஒல்லியான ஆள். விறகுப் புகையில் வெந்து வெந்து கண்கள் எப்போதும் சிவந்தே இருக்கும். மதுவிலக்குப் போலீஸ்காரர் ஒருவர் அந்தக் கண்ணைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, நடுத்தெருவில் நிறுத்தி வாயை ஊதச் சொன்னார். ஊதினான். ஏலக்காய் வாசனை வந்தது. போலீஸ்காரர் அடுத்த வாரமே தன் தங்கை கல்யாணத்துக்கு அவனைக் கூப்பிட்டார் என்று வஹாப் சொல்லுவான். அதில் எவ்வளவு நிஜமென்று அவனுக்குத்தான் தெரியும்.

தன் கைமணத்தைப் பற்றி அவனுக்கு அடக்கம் என்பது மருந்துக்கும் கிடையாது. "எம் பிரியாணிய துன்ட்டு ஒர்த்தன் நல்லால்லன்னு சொன்னா, அவன் நெத்தியத் தொட்டு ஜொரம் கீதான்னு பாருங்க" என்பான். டின்னில் அடைத்த வனஸ்பதி வந்து, பாதிப் பண்டாரிகள் அதற்கு மாறிய பிறகும் வஹாபின் தேக்சா அண்டாவுக்குள் நெய்யைத் தவிர வேறெதுவும் இறங்கியதில்லை. நெய்யை ஊற்றும்போது கல்யாண வீட்டுக்காரர் முகத்தை மட்டும் அவன் பார்க்கவே மாட்டான். பார்த்தால் இரக்கம் வந்து கை நின்றுவிடும் என்று பயம்.

அவனுக்கு ஒரே ஒரு அண்ணன், அத்தாவுல்லா. தகப்பன் சீக்கிரமே போய்விட்டார். துறைமுகத்தில் மூட்டை தூக்கித் தம்பியை வளர்த்தது அண்ணன்தான். அந்த வீட்டில் சோறு குறைந்த நாட்களில் அண்ணன் வெளியே சாப்பிட்டுவிட்டதாகப் பொய் சொன்னதை, வஹாப் பெரியவனான பிறகுதான் புரிந்துகொண்டான். புரிந்த நாளிலிருந்து அண்ணன் என்றால் அவனுக்கு உயிர். அத்தாவுல்லா முன்னுக்கு வந்து துறைமுகத்துக்குப் பக்கத்தில் கயிறும் தார்ப்பாயும் விற்கும் கடை போட்டார். கல்லாவில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. தொந்தி மட்டும் எழுந்தது.

வஹாப் அன்பை வாயால் சொல்லத் தெரியாதவன். எந்தக் கல்யாணத்தில் பொங்கினாலும், கல்யாண வீட்டார் அவனுக்கென்று கொடுக்கும் பங்கில் ஆட்டு மூளையும் நல்லி எலும்பும் தனியே ஒரு தூக்கில் அண்ணன் வீட்டுக்கு வந்துவிடும். எலும்பை உறிஞ்சிவிட்டு அத்தாவுல்லா, "டேய் வஹாபு, நீ மனுஷனே இல்லடா" என்பார். அதைக் கேட்கத்தான் அவன் கல்யாண வீட்டிலிருந்து அத்தனை தூரம் தூக்கை ஆட்டிக்கொண்டு நடந்து வருவான்.

டிராம் வண்டிகள் நின்றுபோன பிறகு வந்த ஒரு கோடையில், கடையில் கயிறு அளந்துகொண்டிருந்த அத்தாவுல்லா இடது கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்தார். முகமெல்லாம் வேர்வை. ராயபுரத்து டாக்டர் இக்னேஷியஸ் வந்து பார்த்தார். இதயத்தில் கோளாறு, பிழைத்தது பெரிய காரியம், கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, சாப்பாடு லேசாகக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

லேசான சாப்பாடு என்றதும் வீடே நிம்மதி அடைந்தது. அது அவர்களுக்குத் தெரிந்த விஷயம். இந்தப் பக்கத்தில் உடம்பில் எங்கே கோளாறோ, ஆட்டிலும் அந்த இடத்தைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். முட்டி வலிக்குக் கால் சூப்பு, தலைசுற்றலுக்கு மூளை, ரத்தம் குறைந்தால் ஈரல். நெஞ்சில் கோளாறு என்றால் கேட்கவே வேண்டாம், நெஞ்செலும்பு சூப்பு. ஊரிலேயே பெரிய கைகாரனே தம்பியாக இருக்கும்போது அண்ணனுக்கு என்ன குறை? எலும்பைத் தட்டிப்போட்டு, மிளகு இடித்துப்போட்டு, பலம் சேரட்டுமென்று மேலே நெய்யும் விட்டு வஹாப் காலையும் மாலையும் கொண்டுவந்தான். கூடவே மூளை வறுவல். எதிர்வீட்டுக் குப்பம்மா தன் பங்குக்கு நாட்டுக்கோழி முட்டை கொண்டுவந்து கொடுத்தாள். சோறுதான் கனம், மற்றதெல்லாம் லேசு என்பது தெருவின் கணக்கு. அத்தாவுல்லாவும் மறுப்புச் சொல்லாமல் உள்ளே தள்ளினார்.

இரண்டாம் தடவை வலி வந்தது. இக்னேஷியஸ் ஓடிவந்து ஊசி போட்டு, வலி அடங்கும்வரை பக்கத்திலேயே இருந்தார். அதற்குப் பிறகுதான் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியைக் கவனித்தார். கிண்ணத்தில் சூப்பு, மேலே நெய் மினுங்குகிறது. தட்டில் மூளை. இரண்டு அரைவேக்காட்டு முட்டை.

"யாருய்யா இதெல்லாம் செஞ்சது?"

பாராட்டு வரப்போகிறது என்று நினைத்து வஹாப் முன்னால் வந்தான். "நாந்தான் டாக்டரே."

"லைட்டா குடுங்கன்னுதானேய்யா சொன்னேன்?"

"லைட்டுதான் டாக்டரே. ஒரு பருக்க சோறு குடுக்கல. இத்தத் துன்ன பல்லே தேவல்ல, அப்டியே வயுக்கிகினு உள்ள போவும்."

டாக்டர் கோபத்தோடு வஹாபின் தோளைப் பிடித்துக் கொல்லைப்புறத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். அண்ணனுக்கும் தம்பிக்கும் பக்கத்துப் பக்கத்து வீடுகள், கொல்லை ஒன்றுதான். முந்தின நாள் கல்யாணத்துத் தேக்சாக்களை அங்கேதான் கழுவியிருந்தார்கள். சாக்கடை வாயில் வெள்ளையாக ஏதோ உறைந்து, தண்ணீர் போகாமல் தேங்கி நின்றது. டாக்டர் அதைச் செருப்புக் காலால் காட்டினார்.

"இது இன்னா?"

"நெய்யி டாக்டரே. கொயுப்பு. ஆறிப்போனா ஒறஞ்சி அடச்சிக்கும்."

"உங்க அண்ணன் நெஞ்சுக்குள்ள நீ பண்ணிகினு கீற வேலையும் இதேதான்."

பிறகு நிதானமாகச் சொன்னார். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய்க்குள்ளே கொழுப்புப் படிகிறது. கொலஸ்ட்ரால் என்று அதற்குப் பெயர். மூளையிலும் முட்டை மஞ்சளிலும் அது ஏராளம், நெய்யிலும் உண்டு. அது படிந்து படிந்து வழி குறுகி, ஒரு நாள் அடைத்துக்கொண்டால் ஆள் போய்விடுவார்.

வஹாப் யோசித்தான். "வெந்நி ஊத்துனா கரைஞ்சிடுமே டாக்டரே."

"நெஞ்சுக்குள்ள எந்த வழியாய்யா ஊத்துவே?"

அவன் அவ்வளவு சுலபத்தில் விடுகிற ஆள் இல்லை. "ஹார்பர்ல மூட்ட தூக்கறவன் தெனம் ஆட்டுக்கால் பாயா துன்றான். அவனுக்கு இன்னா அடச்சிகிச்சி?"

"அவன் துன்றத சாயங்காலத்துக்குள்ள வேர்வையா எறக்கிடறான். உங்க அண்ணனும் தூக்கிகினு இருந்த வரைக்கும் நல்லாத்தானே இருந்தாரு? கல்லாவுல உக்காந்தப்புறமும் அதே தீனின்னா உடம்பு தாங்குமா?"

"அப்ப நிச்சயமா இதனாலதான்றீங்க?"

இக்னேஷியஸ் பொய் சொல்லத் தெரியாத டாக்டர். அதனால்தான் அவரிடம் கூட்டம் குறைவு. "நிச்சயம்னு யாராலயும் இன்னிக்கு சொல்ல முடியாது. அமெரிக்காவுல டாக்டருங்களே சண்ட போட்டுகினு கீறாங்க. ஒருத்தர் கொழுப்புன்றாரு, ஒருத்தர் சிகரெட்டுன்றாரு, இன்னொருத்தர் மனக்கவலைன்றாரு. தீர்ப்பு வர வருஷக்கணக்கா ஆவும். அதுவரைக்கும் உங்க அண்ணன் உசுரோட இருக்கணுமா, வாணாமா?"

வஹாப் கவிழ்த்து வைத்திருந்த தேக்சாவின் மேல் உட்கார்ந்தான். அரிசி மண்டி முதலாளி ஒருவர், யானைக்கவுனியில் துணிக்கடை வைத்திருந்தவர் ஒருவர், தொண்டையார்பேட்டை மரவாடிக்காரர் ஒருவர் என்று முகங்கள் வரிசையாக வந்து போயின. எல்லோரும் உட்கார்ந்த இடத்தில் சாய்ந்தவர்கள். மாரடைப்பு என்று பேசிக்கொண்டார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணங்களுக்குப் பொங்கியதும் வஹாப்தான், அவர்களுடைய நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்குப் பொங்கியதும் வஹாப்தான். ஃபாத்திஹாச் சாப்பாட்டிலும் நல்லி எலும்பைத் தேடி எடுத்தவர்கள் இருந்தார்கள். என் பிரியாணியால் யாரும் சாகவில்லை என்று சத்தமாகச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது, வெளியே வரவில்லை.

"நெய்யி வாணாம்னா வனஸ்பதி போடலாமா டாக்டரே?" என்று மட்டும் கேட்டான்.

"அத பத்தி எனக்கே சரியாத் தெரியாது. தெரியாதத இன்னாத்துக்கு உள்ள தள்றது? ரெண்டும் வாணாம்."

வஹாப் எழுந்தான். "சர்தான். இனிமே அண்ணன் சோறு எங் கையாலதான். வேற யாரும் அடுப்பு மூட்டக் கூடாது."

மறுநாள் அவன் கொண்டுபோன தட்டைப் பார்த்து அத்தாவுல்லா, "யாரு செத்துட்டாங்க?" என்று கேட்டார். பருப்பும் கீரையும் வேகவைத்த மீனும் இருந்தன. ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினார். இதைத் தின்று நூறு வருஷம் இருப்பதைவிட மூளை வறுவலைத் தின்றுவிட்டு இன்றைக்கே போகிறேன் என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இரண்டு நாள் பட்டினி கிடந்தார். அண்ணி பதுருன்னிசா முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அப்போதுதான் வஹாபுக்கு ரோஷம் வந்தது. நெய்யை வைத்துக்கொண்டு ருசி காட்ட எந்தக் கழுதைக்கும் முடியும், நெய் இல்லாமல் அண்ணனைச் சாப்பிட வைக்க முடியவில்லை என்றால் நாம் என்ன பண்டாரி என்று தன்னையே திட்டிக்கொண்டான். பட்டையும் ஏலமும் வெறும் சட்டியில் வறுத்து இடித்தான். வெங்காயத்தை எண்ணெய் காட்டாமல் தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சிவக்க வைத்தான். காசிமேட்டிலிருந்து சங்கரா மீன் வாங்கிவந்து, புதினாவும் எலுமிச்சையும் போட்டுப் பானையில் தம் கட்டினான். அத்தாவுல்லா படுத்திருக்கும் அறை வாசலில் வைத்து மூடியைத் திறந்தான். பிரியாணி வாசனை.  கட்டிலிலிருந்து, "இன்னாடா அது?" என்று கேட்டது குரல்.

அத்தாவுல்லா சாப்பிட்டார். ஏமாற்றுகிறான் என்று தெரிந்தே சாப்பிட்டார். மூன்று மாதத்தில் எழுந்து நடந்தார். அந்திவேளையில் கடற்கரைவரை நடக்கச் சொன்னார் டாக்டர், நடந்தார். தொந்தி வற்றியது. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, இப்படியே போங்கள் என்று தட்டிக்கொடுத்தார்.

அந்த வருஷக் கடைசியில் அத்தாவுல்லாவின் மகள் ஜெரினாவுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளையின் தகப்பனார் மஜீது, பெரம்பூர் ரயில்வே பட்டறையில் கான்ட்ராக்ட் எடுப்பவர், கனத்த உடம்பு. பெண்ணின் தகப்பன் நெஞ்சு நோயாளி என்று தெரிந்தால் சம்பந்தம் கலைந்துவிடும் என்று பயந்து, அத்தாவுல்லா அதை அவர்களிடம் மூச்சுக்கூட விடவில்லை. வீட்டில் எல்லோரும் சேர்ந்து மறைத்தார்கள்.

அவர்கள் குடும்பத்துக்கு ராயபுரம்தான் ஊர், பேச்சும் ராயபுரத்துப் பேச்சுதான். கல்யாண வழக்கம் மட்டும் கொள்ளுத்தாத்தா தெற்கத்திச் சீமையிலிருந்து கொண்டுவந்தது. நிக்காஹ் முடிந்ததும் சஹன் என்கிற பெரிய தட்டில் முதல் பிரியாணியை நல்லியும் மூளையும் வைத்துப் பண்டாரி கொண்டுவர வேண்டும். சம்பந்திகள் இரண்டு பேரும் அந்த ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிட்டால்தான் உறவு முடிந்தது, அதாவது முடிச்சு விழுந்தது, என்று அர்த்தம்.

முந்தின நாளே வஹாப் அண்ணனிடம் பேசிவிட்டான். "சஹன்ல கைய வை. ஒரு பருக்க வாயில போடு. அத்தோட வுட்று."

"நான் இன்னா கொயந்தையாடா?" என்றார் அத்தாவுல்லா.

பந்தலில் வஹாப் சஹனைக் கொண்டுபோய் வைத்தான். அண்ணன் ஒரு பருக்கை எடுத்து வாயில் போட்டதைக் கண்ணால் பார்த்தான். திரும்பிப் போய்த் பிரியாணிக்கு ஊற்றும் தாளிச்சா வாளியை எடுத்துக்கொண்டு வந்தபோது, மஜீது மூளையை அள்ளி அத்தாவுல்லா பக்கம் வைத்துக்கொண்டிருந்தார். "இன்னா சம்பந்தி, எங்கூட்டுக் கையின்னா கசக்குதா? துன்னுங்க!" மறுக்க முடியாமல் ஒரு வாய் வைத்தவர்தான். அதற்குப் பிறகு மஜீது சொல்லத் தேவையிருக்கவில்லை. மூளை போனது. நெய்ச்சோறு இரண்டு கவளம் போனது. நல்லியை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார் அத்தாவுல்லா. பல மாதம் கழித்து ஊருக்குத் திரும்பியவன் முகம்போல இருந்தது. வஹாப் வாளியோடு அப்படியே நின்றான். அண்ணன் முகத்தில் அந்தச் சந்தோஷத்தைப் பார்ப்பதற்காகத்தான் அவன் வாழ்நாளெல்லாம் பொங்கினான். அதனாலேயே அடுத்த காரியத்தைச் செய்வது அவனுக்கு நெருப்பில் கை வைப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்தான். "போதும்ணே."

"வுட்றா."

"வுட மாட்டேன். இது உனக்கு வெசம்."

பந்தல் முழுக்கக் கேட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் நின்றன. தன் தேக்சாவில் வெந்த பிரியாணியை ஒரு பண்டாரி விஷம் என்று சொல்லி அதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. அத்தாவுல்லா தம்பியை ஒரு பார்வை பார்த்தார். கையைக்கூடக் கழுவாமல் எழுந்து உள்ளே போய்விட்டார்.

மஜீது கையைச் சஹனிலிருந்து எடுத்தார். "இன்னா பண்டாரி? வெசத்தையா எங்களுக்குப் போட்டே?"

இனி மறைக்க எதுவும் இல்லை. வஹாப் வாளியைக் கீழே வைத்துவிட்டு அண்ணன் எழுந்த இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "எங்க அண்ணனுக்கு நெஞ்சு அடச்சி பொயச்சி வந்துகீறாரு சம்பந்தி. சொல்லாதது தப்புதான். அவருக்குத்தான் இது வெசம், நமக்கு இல்ல. பொண்ணுக்குச் சித்தப்பன் நான். ஒறவு எங் கையால முடியட்டும். வைங்க கைய." சொல்லிவிட்டு ஒரு கவளம் எடுத்துத் தின்றான்.

மஜீது எழுந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் குனிந்து, பக்கத்திலிருப்பவருக்குக் கேட்காத குரலில், "உங்க அண்ணனுக்கு மொதல்ல எந்தப் பக்கம் வலிச்சிது?" என்று கேட்டார்.

"இடது கையி."

மஜீது நல்லியைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டுக் கையை வைத்தார். உறவு முடிந்தது.

அண்ணன் தம்பி உறவுதான் அறுந்தது. தன் மகள் கல்யாணத்தில், சபை நடுவில், தட்டிலிருந்து தன் கையை எடுக்கவைத்து நோயையும் ஊருக்குச் சொன்னவனோடு அத்தாவுல்லா பேசவில்லை. வெளியிலும் வஹாபுக்கு நல்ல பேர் வாங்கித்தரவில்லை அந்தச் சொல். "வெசப் பண்டாரி" என்று பட்டம் கட்டினார்கள். பேசிவைத்த கல்யாணங்கள் கை மாறின. அவனோ கலங்கவில்லை. "அண்ணன் கோவமா கீறாரு. கோவப்பட ஆளு உசுரோட கீறார்ல? அப்பாலே இன்னா?" என்று டீக்கடையில் சத்தமாகவே சொன்னான்.

அண்ணனுக்கு அடுக்குக் கேரியரில் போகும் சாப்பாடு மட்டும் நிற்கவில்லை. கொல்லை வழியாக அவனே கொண்டுபோய் அண்ணி கையில் கொடுப்பான். முன்னறையில் அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கேரியர் காலியாகத்தான் திரும்பும். ஆனால் அண்ணன் தின்கிறாரா, கொட்டிவிட்டுத் துறைமுகத்துப் பக்கம் பாயாக் கடையில் உட்கார்கிறாரா என்பது யாருக்குத் தெரியும்? வஹாபைத் தூங்கவிடாத கவலை அது ஒன்றுதான். கையைப் பிடித்து இழுக்கலாம். வாழ வேண்டும் என்கிற ஆசையை எப்படிப் பிடித்து ஊட்டுவது? அண்ணியைக் கேட்டான். "துன்றாரு தம்பி. வாயத் தொறந்து பேச மாட்றாரு, துன்றாரு" என்றாள். கணவனைக் காட்டிக்கொடுக்காத மனுஷி. அதனால் அவள் சொன்னதையும் முழுக்க நம்ப முடியவில்லை.

ரம்ஜான் வந்தது. அத்தாவுல்லா நோன்பு வைக்கக் கூடாது என்று டாக்டர் தடுத்திருந்ததால் சாப்பாடு வழக்கம்போலப் போனது. பெருநாளுக்கு முந்தின நாள் வஹாபுக்கு மனசு தாங்கவில்லை. ஊரே மணக்கும்போது அண்ணனுக்கு மட்டும் வெறும் பருப்பா என்று தோன்றியது. பருப்பில் ஒரே ஒரு ஸ்பூன் நெய் விட்டான். கிளறி மறைத்து அண்ணி கையில் கொடுத்தான்.

பெருநாள் தொழுகை முடிந்து பள்ளிவாசலில் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டிருந்தார்கள். வஹாப் தூண் ஓரமாக ஒதுங்கி நின்றான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அத்தாவுல்லா நேராக அவனிடம் வந்தார். கட்டித் தழுவினார்.  அண்ணன் வாய் அவன் காதருகே வந்தது.

"டேய் வஹாபு, நேத்து பருப்புல நெய்யி வுட்டியா?"

"ஒரே ஒரு ஸ்பூன்ணே... பெருநாளாச்சேன்னு..."

"பெருநாளுன்னா என் நெஞ்சு லீவு வுட்டுடுமாடா, கயிதே? மோந்து பாத்துட்டு மூடி வெச்சிட்டேன். ராத்திரி பட்டினி." பிடியைத் தளர்த்தாமலே சொன்னார். "ஜெரினா முழுகாம கீறா. பேரப்புள்ள மூஞ்சியப் பாக்காம போவச் சொல்றியா நீ?"

 தன் சமையலை அண்ணன் வேண்டாமென்று மூடி வைத்ததில் இவ்வளவு சந்தோஷம் வரும் என்று வஹாப் கனவிலும் நினைத்ததில்லை. "தப்புதாண்ணே, தப்புதாண்ணே" என்று சொல்லிக்கொண்டே அண்ணனை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டான். அத்தாவுல்லாவைத் தழுவக் காத்திருந்தவர்கள் கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருந்தது.